வாழும்போதே செலுத்த வேண்டிய நன்றி
(அஞ்சாநெஞ்சன் பட்டுக்கோட்டை அழகிரியின் வாழ்வு காட்டும் வழி)

நம் கல்விச் சங்கம் தோன்றி 25 ஆண்டுகள் நிறைவெய்தும் இந்நன்னாளில், வெள்ளி விழா மலருக்குச் சான்றோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் நம்மைப் பணித்தனர். எவரைப் பற்றி எழுதலாம் என எண்ணியவாறு சங்கத்தின் கூடத்தில் சிறிது நேரம் அமர்ந்திருந்தோம். சுவரில் அண்ணல் அம்பேத்கர், அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசன் ஆகியோரின் படங்கள் உள்ளன. அவற்றை அடுத்து, நம் சங்கத்திற்கு உழைத்து மறைந்த பெரியோர்களின் படங்கள் வரிசையாக மாட்டப்பட்டுள்ளன. ஒவ்வொரு படத்தின் திறப்பு விழாவிலும் நாம் மாலை அணிவித்தோம். மணிக்கணக்கில் புகழ்ந்து பேசினோம். சிலர் கண்ணீரும் வடித்தனர். ஆனால் அப்புகழுரைகளைத் தம் செவியால் கேட்டவர் அப்படங்களில் இருப்போருள் ஒருவரேனும் உண்டா என்று எண்ணிப் பார்த்தோம். ஒருவரும் இல்லை.

இந்த எண்ணம் எழுந்தவுடனே, நம் ஊரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து நாடெங்கும் கொண்டு சென்ற அழகிரியாரின் நினைவு வந்தது. பட்டுக்கோட்டை என்றதும் தமிழ் மக்கள் இருவரை நினைப்பர். ஒருவர் மக்கள் கவிஞர் கல்யாணசுந்தரம். மற்றொருவர் அஞ்சாநெஞ்சன் அழகிரி. கவிஞரின் பாடல்களை இன்றும் வானொலியில் கேட்கிறோம். அழகிரியாரோ மேடையில் முழங்கியவர். மேடைப் பேச்சு காற்றோடு போவது. ஆகையால் இன்றைய இளைஞர்களுள் பலர் அவர் பெயரை மட்டும் அறிவரேயன்றி, அவர் யார், எவ்வாறு வாழ்ந்தார், அவருடைய இறுதி நாட்களில் அவரை நேசித்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதை அறியார். அவ்வரலாற்றில் நாம் அனைவரும் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

படைவீரர் மேடை ஏறினார்

அழகிரிசாமி என்னும் முழுப்பெயருடைய அழகிரியார் 1900-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் பிறந்தார். இளம் பருவத்திலேயே படையில் சேர்ந்து, முதல் உலகப் போர்க் காலத்தில் பணியாற்றினார். படை வாழ்க்கை அவருக்குக் கற்பித்த ஒழுங்கும் துணிவும் கடைசி வரையில் அவரை விட்டு நீங்கவில்லை.

1925-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள் தந்தை பெரியார் குடிஅரசு வார இதழைத் தொடங்கினார். சுயமரியாதை இயக்கம் தமிழகமெங்கும் பரவலாயிற்று. பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பித்தல் தகாது, தீண்டாமை ஒழிய வேண்டும், பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒத்த உரிமை வேண்டும் என்னும் கருத்துகளை அவ்வியக்கம் ஊர்தோறும் எடுத்துரைத்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டங்களை விட்டொழிக்குமாறு தீர்மானித்தது. இவ்வியக்கத்தில் தம்மை முழுவதுமாக ஒப்படைத்துக் கொண்டவர் அழகிரியார்.

அக்காலத் தஞ்சை மாவட்டத்தின் நிலையை இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் பாட்டன்மார் பண்ணையாட்களாய் உழைத்த காலம் அது. காலில் செருப்பணிந்து மேலத் தெருவில் நடக்க இயலாது. தேநீர்க் கடைப் பலகையில் அமர இயலாது. பொதுக் குளத்தில் இறங்க இயலாது. அத்தகைய நாளில், சாதி பொய் என்று ஊர் நடுவே நின்று ஒருவர் உரக்கச் சொல்வது எளிய செயலன்று. சுயமரியாதைக் கூட்டங்களில் கல்லெறியும் கலவரமும் இயல்பாக நிகழ்ந்தன. அழகிரியார் அஞ்சவில்லை. அவருக்கு வாய்த்திருந்த குரல் வெண்கல மணியை ஒத்தது. ஒலிபெருக்கி எல்லா ஊர்களுக்கும் வந்திராத காலத்தில், பெட்ரோமாக்ஸ் விளக்கொளியில் நின்று மணிக்கணக்கில் பேசுவார். மக்கள் அவருக்குச் சூட்டிய அஞ்சாநெஞ்சன் என்னும் பட்டம் வெறும் அலங்காரமன்று. ஊர் ஊராய் எதிர்ப்பைத் தாங்கிப் பெற்ற பட்டமாகும்.

ஆனால் அக்குரலுக்கு அவர் கொடுத்த விலை பெரிது. பேச்சைத் தொழிலாக்கிப் பொருளீட்டும் வழக்கம் அன்று இல்லை. உடலை வருத்தி ஊர் சுற்றியவருக்கு வீட்டில் சேமிப்பு என்று ஒன்றுமில்லை. இதனை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக் கொள்ள இது தேவை.

திருச்சியிலிருந்து சென்னைக்கு நடைப் பயணம்

1938-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்துப் பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடமாக்கப்பட்டது. அதனை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியின் பெரு நிகழ்ச்சிகளுள் ஒன்று தமிழர் பெரும்படையின் நடைப் பயணம். அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாள் திருச்சி உறையூரிலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்கள் சென்னையை நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டனர். குமாரசாமிப் பிள்ளை அப்படையின் தலைவர். அழகிரியார் அதன் தளபதி. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உடன் சென்றார். வழியிலுள்ள ஊர்களில் கூட்டம் நடத்தி, மக்கள் அளித்த உணவை உண்டு, வெயிலிலும் மழையிலும் நடந்து, செப்டம்பர் 11-ஆம் நாள் சென்னையை அடைந்தனர். 42 நாட்கள் கால்நடையாகச் செல்வதென்றால், அதுவும் ஒவ்வோர் ஊரிலும் தொண்டை கிழியப் பேசிக் கொண்டே செல்வதென்றால், அவ்வுடல் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நாமே உய்த்துணரலாம்.

அக்கிளர்ச்சியில் நம் குலத்து இளைஞர் ஒருவர் உயிரையே ஈந்தார் என்பதையும் இங்குக் குறிப்பிடுவது நம் கடமை. சென்னையைச் சேர்ந்த ஆதிதிராவிட இளைஞரான நடராசன், மன்னிப்புக் கேட்டு வெளிவர மறுத்து, சிறைப்பட்டிருந்த நிலையில் நோயுற்று 1939 ஜனவரி 15-ஆம் நாள் மறைந்தார். அவரைத் தொடர்ந்து மார்ச் மாதத்தில் கும்பகோணத்துத் தாளமுத்து மறைந்தார். 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி கைவிடப்பட்டது. அந்த வெற்றிச் செய்தியைக் கேட்க அவ்விருவரும் இல்லை. இன்று சென்னை எழும்பூரில் அவ்விருவர் பெயராலும் மாளிகை ஒன்று நிமிர்ந்து நிற்கிறது.

அழகிரியாரின் பேச்சு விதைத்த விதைகள் பல. திருவாரூரில் பள்ளி மாணவனாக இருந்த ஒரு சிறுவன் அவருடைய உரையைக் கேட்டுத் தன் வாழ்வின் திசையையே முடிவு செய்து கொண்டான். அச்சிறுவனே பிற்காலத்தில் ஐந்து முறை தமிழகத்தின் முதலமைச்சராக விளங்கிய மு. கருணாநிதி. 1951-இல் தமக்குப் பிறந்த மகனுக்கு அழகிரி என்று பெயர் சூட்டி அவர் தம் நன்றியைப் புலப்படுத்தினார். ஆனால் அப்பெயர் சூட்டப்பட்டபோது அப்பெயருக்கு உரியவர் உயிரோடு இல்லை.

நோய் வந்தது

1940-களின் பிற்பகுதியில் அழகிரியாரைக் காச நோய் பற்றியது. நம் நாட்டுப்புறத்தில் அதனை எலும்புருக்கி என்பர். அந்நோய்க்கு ஸ்டெரெப்டோமைசின் என்னும் மருந்து 1943-இலேயே அமெரிக்காவில் கண்டறியப்பட்டிருந்தது. எனினும் அந்நாளில் நம் நாட்டில் அது கிடைப்பது அரிது; கிடைத்தாலும் எளியோர் வாங்கும் விலையில் இல்லை. பெரும்பாலோருக்கு மருத்துவர் கூறிய வழி ஓய்வும், நல்ல காற்றும், பால், முட்டை முதலிய சத்துணவுமே ஆகும். ஓயாது உழைத்தவருக்கு ஓய்வு எங்கிருந்து வரும்? சேமிப்பு இல்லாத வீட்டில் பாலும் முட்டையும் நாள்தோறும் எவ்வாறு கிடைக்கும்? நோயைவிட வறுமை கொடிது என்பதை நம் சமூகத்தார்க்கு எவரும் எடுத்துக் கூற வேண்டியதில்லை.

1948 அக்டோபரில் ஈரோட்டில் திராவிடர் கழகத்தின் தனி மாநாடு கூடியது. தந்தை பெரியாருக்கும் அறிஞர் அண்ணாவுக்கும் இடையே அதற்கு முந்திய ஆண்டில் கருத்து வேற்றுமை தோன்றியிருந்தது. அம்மாநாட்டில் இருவரும் ஒரே மேடையில் தோன்றினர். இருமலும் இளைப்புமாய் நலிந்த உடலோடு அழகிரியார் அங்கு வந்து சேர்ந்தார். இனித் தாம் பேச வாய்ப்பிராது என்பதை உணர்ந்தவராய், தம் தலைவருக்கும் தோழர்களுக்கும் இறுதி வணக்கம் செலுத்தும் முறையில் அவர் உரையாற்றினார். கூடியிருந்தோர் கலங்கினர்.

இந்நிகழ்ச்சியை நாம் பன்முறை எண்ணிப் பார்த்ததுண்டு. சாகுந்தறுவாயில் உள்ள ஒருவர் வீட்டில் படுத்திருப்பதே முறை. ஆயினும் அவர் புறப்பட்டு வந்தார். எவரைத் தம் வாழ்நாளெல்லாம் தலைவராகக் கொண்டாரோ, அவர் முகத்துக்கு நேரே நின்று தம் அன்பைக் கூறிவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. கூறியும் விட்டார். தாம் செலுத்த வேண்டிய நன்றியைப் பாக்கி வைக்காமல் சென்றவர் அழகிரியார்.

நூறு ரூபாய் மணியார்டர்

அவருக்கு மற்றவர்கள் செலுத்த வேண்டிய நன்றி என்னவாயிற்று? இங்கேதான் அறிஞர் அண்ணாவின் செயல் ஒன்று நினைவுகூரத் தக்கது.

அந்நாளில் அண்ணாவின் பேச்சைக் கேட்க நாடே திரண்டது. ஒவ்வோர் ஊராரும் தம் ஊருக்கு அவரை அழைத்து வரத் தவங்கிடந்தனர். தேதி கேட்டு வருவோரிடம் அண்ணா ஒரு நிபந்தனை விதித்தார். பட்டுக்கோட்டை அழகிரியின் பெயருக்கு நூறு ரூபாய் மணியார்டர் அனுப்பிவிட்டு, அதற்குரிய ரசீதைக் கொண்டுவந்து காட்டினால்தான் கூட்டத்திற்கு வர இசைவு தருவதாகக் கூறிவிட்டார்.

இளைஞர்களுக்கு மணியார்டர் என்பது இன்று புதுமையாகத் தோன்றலாம். அஞ்சலகத்தில் பணத்தைக் கட்டி, படிவத்தை நிரப்பிக் கொடுத்து, ரசீது பெற்றுக் கொள்வர். பெறுவோரின் ஊரில் அஞ்சல்காரர் வீட்டு வாசலுக்கே வந்து, பணத்தை எண்ணிக் கையில் கொடுத்து, கையொப்பம் வாங்கிச் செல்வார். படிவத்தின் அடியில் இரண்டு வரி எழுதவும் இடமிருந்தது. அந்நாளில் நூறு ரூபாய் சிறு தொகையன்று. ஆரம்பப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மாதச் சம்பளத்தைவிட மிகுதியானது.

இச்செயலின் அருமையைச் சற்று ஆராய்வோம். அண்ணா ஓர் அனுதாபக் கூட்டம் கூட்டி அழகிரியின் தியாகத்தைப் புகழ்ந்து பேசியிருக்கலாம். அவர் பேசினால் கேட்போர் உருகாமல் இருப்பாரா? ஆனால் அவர் அதனோடு நிற்கவில்லை. தம் பேச்சுக்கு நாட்டில் இருந்த மதிப்பை மற்றொருவரின் மருந்துக்கும் பாலுக்கும் மாற்றிக் கொடுத்தார். தம் கையிலிருந்து ஒரு முறை கொடுத்து முடித்துக் கொள்ளவில்லை. அழகிரியைப் போற்றுவதாகச் சொல்லும் ஒவ்வோர் ஊராரும் அதனைச் செயலில் காட்டும்படி செய்தார். பணம் எவர் கைக்கும் இடையில் செல்லாமல் நேரே நோயாளியின் வீட்டு வாசலுக்குச் சென்றது. அஞ்சல்காரர் வரும்போதெல்லாம், தாம் என்றோ பேசிவிட்டு வந்த ஏதோ ஓர் ஊர் தம்மை மறக்கவில்லை என்பதை அழகிரியார் அறிந்திருப்பார். மருந்து உடலுக்கு எவ்வளவு தேவையோ, அந்த அறிவு உள்ளத்திற்கு அவ்வளவு தேவை.

அண்ணாவுக்கு இது புதிய வழக்கமன்று. 1946 ஜூலை மாதத்தில் புரட்சிக் கவிஞர் பாரதிதாசனாருக்கு 25,000 ரூபாய் பொற்கிழி அளிக்கும் விழாவை முன்னின்று நடத்தியவரும் அவரே. மகாகவி பாரதியார் 1921-இல் வறுமையில் மறைந்தபோது இறுதி ஊர்வலத்தில் சென்றவர்கள் மிகச் சிலர் என்பது தமிழ்நாட்டின் தீராத தலைகுனிவு. அத்தலைகுனிவு மீண்டும் நேரக் கூடாது என்னும் உணர்வு அப்பொற்கிழியிலும் இருந்தது, பட்டுக்கோட்டைக்கு வந்த மணியார்டர்களிலும் இருந்தது என்றே நாம் கருதுகிறோம்.

அழகிரியார் பிழைக்கவில்லை. 1949 மார்ச் 28-ஆம் நாள், 49 வயது நிறைவதற்கு முன்பே, அவர் மறைந்தார். அதன்பின் ஆறு மாதம் நிறைவதற்குள், செப்டம்பர் 17-ஆம் நாள், அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். அவருடைய ஆட்சியில் சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது. இவற்றுள் எதனையும் அழகிரியார் காணவில்லை. மணியார்டர்கள் அவர் உயிரைக் காக்கவில்லையே, அவற்றால் பயன் என்ன என்று சிலர் கேட்கலாம். தம்மை நேசித்தவர்கள் தம்மைக் கைவிடவில்லை என்பதை அறிந்து ஒருவர் கண்மூடுவது சிறு பயனன்று. அவர்களும் குற்ற உணர்வின்றி அவருக்கு மாலை சூட்ட இயன்றது. இதைவிட வேறு பயன் எதற்கு?

மறைந்தபின் வந்த பெருமைகள்

அழகிரியார் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின், வேலூரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்திற்குப் பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகம் என்று பெயரிடப்பட்டது. பேருந்துகளின் நெற்றியில் அவர் பெயர் ஓடியது. 42 நாட்கள் கால்நடையாய்ச் சென்றவரின் பெயர் பேருந்தில் ஏறியது குறித்து நாமும் மாணவப் பருவத்தில் பெருமிதம் கொண்டோம்.

அப்பெயர் எவ்வாறு மறைந்தது என்பதை நம் சமூகத்து இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். 1997-ஆம் ஆண்டு விருதுநகர் மாவட்டத்தில் தொடங்கப்பட்ட புதிய போக்குவரத்துக் கழகத்திற்கு, ஒடுக்கப்பட்ட மக்களின் வீரரான சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டது. அப்பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று சாதிவெறியர் கிளர்ந்தெழுந்தனர். தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டது. முடிவில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கிவிட்டது. சாதியை ஒழிக்கத் தம் தொண்டையைத் தேய்த்துக் கொண்ட அழகிரியாரின் பெயரும் அந்தச் சாதியின் பொருட்டே வண்ணம் பூசி மறைக்கப்பட்டது.

பெயரை எழுதலாம், அழிக்கலாம். சிலையை வைக்கலாம், மறைக்கலாம். ஆனால் 1940-களில் ஏதோ ஓர் ஊரார் அஞ்சலகத்தில் வரிசையில் நின்று அனுப்பிய நூறு ரூபாயை எந்த ஆணையாலும் இனித் திரும்பப் பெற முடியாது. அது போய்ச் சேர வேண்டிய இடத்திற்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

நம் ஊரின் மற்றொரு மைந்தரான கல்யாணசுந்தரத்தின் வரலாற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். பட்டுக்கோட்டையை அடுத்த செங்கப்படுத்தான்காட்டில் 1930 ஏப்ரல் 13-இல் பிறந்த அவர், உழவு முதல் உப்பளம் வரை பல தொழில்கள் செய்து, பின்னர் திரைப்படப் பாடல் துறையில் சில ஆண்டுகளே வாழ்ந்து, 1959 அக்டோபர் 8-இல் தம் 29-ஆம் வயதில் மறைந்தார். கையில் குழந்தையோடு அவருடைய மனைவி நின்றார். பாவேந்தர் பெயரிலான விருது 1981-இல் வந்தது. பாடல்கள் 1993-இல் நாட்டுடைமையாயின. மணிமண்டபம் 2000-ஆம் ஆண்டில் எழுந்தது. இவை யாவும் தக்க பெருமைகளே. குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் கவிஞர் தம் ஆசானிடம் நடந்து கொண்ட முறை வேறு. எழுத அமரும்போதெல்லாம் தாளின் தலைப்பில் பாரதிதாசனார் வாழ்க என்று எழுதிவிட்டே தொடங்குவது அவர் வழக்கம். ஆசான் உயிரோடிருந்த காலத்திலேயே நாள்தோறும் வாழ்த்தியவர் அவர். ஆசானோ மாணவருக்குப் பின்னும் நான்கரை ஆண்டுகள் வாழ்ந்து 1964-இல்தான் மறைந்தார். முதியவர் முன்னே, இளையவர் பின்னே என்னும் வரிசை எப்போதும் நிலைப்பதில்லை. ஆகையால் நன்றி சொல்லக் காலம் இருக்கிறது என்று பெரியவர்களும் காத்திருக்கலாகாது, இளையவர்களும் காத்திருக்கலாகாது.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்விலும் இத்தகைய துயரம் உண்டு. அவர் வெளிநாட்டில் கல்வி பயின்ற ஆண்டுகளில் அன்னை இரமாபாய் வறுமையோடு போராடிக் குடும்பத்தைத் தாங்கினார். அவர் 1935 மே 27-இல் மறைந்தார். பின்னர்ப் பாகிஸ்தான் குறித்துத் தாம் எழுதிய நூலை அண்ணல் அவ்வம்மையாரின் நினைவுக்கே உரிமையாக்கி, துணையற்ற அந்த நாட்களில் தம்மோடு துன்பத்தைப் பகிர்ந்து கொண்ட நற்குணத்தை அதில் பதிவு செய்தார். கோடிக்கணக்கான மக்களின் துயரைச் சுமந்தவருக்கு வீட்டில் அமர ஓய்வில்லை என்பதை நாம் அறிவோம். ஆயினும் அப்பக்கத்தைப் படிக்க இரமாபாய் இல்லையே என்று எண்ணும்போதெல்லாம் நம் நெஞ்சு கனக்கிறது.

நம் இல்லங்களில்

தலைவர்களின் வரலாறு இருக்கட்டும். நம் தெருவிற்கு வருவோம்.

முகத்துக்கு நேரே ஒருவரைப் புகழ்வது முறையன்று என்னும் எண்ணம் நம் வீடுகளில் ஊறியுள்ளது. பிள்ளையைப் புகழ்ந்தால் கண்ணேறு படும் என்பர். தாயைப் புகழ்வது தேவையற்றது, அது அவள் கடமை என்பர். அதே தாய் இறந்த பின் அவளுக்குப் பிடித்த பலகாரங்களையெல்லாம் தேடித் தேடி வாங்கித் தலைவாழை இலையில் படைக்கிறோம். நோயில் கிடந்தபோது அவள் ஒரு வாய் அதிரசம் கேட்டிருந்தால் நாளை பார்க்கலாம் என்று சொல்லியிருப்போம். மூலை முடுக்கெல்லாம் கண்ணீர் அஞ்சலிப் பலகைகள் வைப்பதற்கு இன்று நாம் செலவிடும் பணத்தில், அவர்கள் உயிரோடிருந்தபோது ஒரு மாத மருந்து வாங்கியிருக்கலாம். உரிய காலத்தில் செய்யப்படும் உதவிக்கு வள்ளுவப் பெருந்தகை தனிச் சிறப்பு அளித்தது இதனாலேயே.

பிறரைக் குறை கூறுமுன் நம் குறையை ஒப்புக் கொள்வதே நேர்மை. நாம் ஐந்தாம் வகுப்பு முடித்தபோது, வறுமையின் காரணமாக நம் தந்தையார் நம்மைப் பண்ணையில் மாடு மேய்க்க விட எண்ணினார். அன்று நம் ஆசிரியர் ஒருவர், மழையில் சேறாய்க் கிடந்த வரப்பின் வழியே நம் சேரிக்கு நடந்து வந்து, குடிசைத் திண்ணையில் அமர்ந்து, தந்தையாரிடம் நெடுநேரம் பேசினார். நம் வீட்டில் கொடுத்த நீரையும் வாங்கிப் பருகினார். வேற்றுச் சாதியைச் சேர்ந்த அவர் அவ்வாறு பருகியது அந்நாளில் தெருவே பேசிய செய்தி. அடுத்த வாரம் நாம் ஆறாம் வகுப்பில் சேர்ந்தோம். அவர் அன்று வராதிருந்தால் இக்கட்டுரை இல்லை. இதை எழுதும் தலைமையாசிரியரும் இல்லை.

நாம் பி.ஏ. தேறியபோது அவரைக் காண வேண்டும் என்று எண்ணினோம். பி.எட். முடித்து அரசுப் பணி பெற்றபோதும் எண்ணினோம். தலைமையாசிரியராகப் பதவி உயர்வு பெற்ற ஆண்டில், கோடை விடுமுறையில் ஒரு வேட்டியும் துண்டும் வாங்கிச் சென்று காலில் விழுந்து வணங்குவதென்று உறுதி செய்தோம். வேட்டியையும் வாங்கிவிட்டோம். பள்ளி வேலைகள் குறுக்கிட்டன. அவ்வாண்டு ஐப்பசி மழையில் ஒரு நாள், பேருந்து நிலையச் சுவரில் நனைந்து கொண்டிருந்த சுவரொட்டியில் அவர் முகத்தைக் கண்டோம். அது அவருடைய பதினாறாம் நாள் காரியத்திற்கான அறிவிப்பு. அந்த வேட்டி இன்றும் மடிப்புக் கலையாமல் நம் வீட்டுப் பெட்டியில் உள்ளது. நம் மாணவர்களிடம் இதனை நாம் ஆண்டுதோறும் சொல்லி வருகிறோம். சொன்னாலும் பாரம் குறைவதில்லை.

சங்க உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இளைஞர்களே! உங்களுள் பலர் இன்று பொறியாளர்களாகவும், செவிலியர்களாகவும், ஆசிரியர்களாகவும் உள்ளீர்கள். நாற்றங்காலில் முதுகு வளைந்த ஒரு தாயும், வாய்க்கால் வெட்டிய ஒரு தந்தையும், கையெழுத்துப் பிழையைப் பொறுமையோடு திருத்திய ஓர் ஆசிரியரும் உங்களுக்குப் பின்னால் இருக்கிறார்கள். அவர்களிடம் சென்று, இன்னது செய்தீர்கள், அதனால் நான் இவ்வாறானேன் என்று ஒரு முறை சொல்லுங்கள். சொல்ல நாணமாக இருந்தால், அண்ணா காட்டிய வழி உண்டு. வாயால் புகழாமலே, அவர்களுக்கு வேண்டிய ஒன்றை வேண்டிய நேரத்தில் வீட்டு வாசலுக்கு அனுப்பி வையுங்கள். கண்ணாடி உடைந்திருந்தால் மாற்றிக் கொடுங்கள். மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். அரை நாள் அருகில் அமர்ந்து அவர்கள் பேச்சைக் கேளுங்கள்.

நம் சங்கத்திற்கும் ஒரு கடன் உண்டு. சங்கம் தொடங்கிய நாளில் இரவுப் பள்ளிக்கு விளக்கெண்ணெய் வாங்கவும் பணமில்லை. அப்போது நம் தெருத் தாய்மார்கள் அன்றாடம் உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்து வைத்து, வாரந்தோறும் சங்கத்திற்குக் கொடுத்தனர். கூலியாகக் கிடைத்த நெல்லைக் குத்திய அரிசி அது. தம் பிள்ளைகளின் வயிற்றிலிருந்து எடுத்த பிடி அது. அத்தாய்மார்களுள் சிலரே இன்று எஞ்சியுள்ளனர். எஞ்சியோருள்ளும் ஒரு மூதாட்டியார் படுக்கையை விட்டு எழ இயலாத நிலையில் உள்ளார். விழா மேடையில் அவர்களுக்குப் பொன்னாடை அணிவிப்பதாக நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டுள்ளோம். மேடைக்கு வர இயலாதவர்க்கு அந்த ஆடை எதற்கு?

ஆகவே செயற்குழுவினர்க்கு நாம் ஒன்று கூற விரும்புகிறோம். விழா நாள் வரையில் காத்திருக்க வேண்டா. இம்மலர் அச்சகத்திலிருந்து வந்த அன்றே, அதன் முதல் பிரதியை எடுத்துக் கொண்டு, இரவுப் பள்ளியில் பயின்று இன்று பதவியில் இருக்கும் நால்வர் அம்மூதாட்டியாரின் வீட்டிற்குச் செல்லட்டும். அவருக்குப் படிக்கத் தெரியாது. இப்பகுதியை அவர் அருகில் அமர்ந்து படித்துக் காட்டட்டும். வெறுங்கையோடு செல்லாமல், ஒரு மூட்டை அரிசியும் கொண்டு செல்லட்டும். பிடி பிடியாய் அவர் தந்தது அது.